எட்டு கிலோ

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் ஊரில் குழந்தையை எடை போடக் கூடாது. அமாவாசையில் கூடாது, அஷ்டமி நவமியில் கூடாது, உச்சிப் பொழுதிலும் கூடாது. இத்தனையும் போக மிச்சமிருக்கிற நாளில் ஒன்றைத் தேடிப்பிடித்து மலர்கொடி டீச்சர் மாதத்துக்கு ஒரு தடவை சத்துமாவு சென்டர் உத்திரத்தில் தராசைத் தொங்கவிடுவாள். கடிகாரம் மாதிரி வட்ட முகமும் அதன் கீழே ஒரு கொக்கியும் உள்ள தராசு. கொக்கியில் துணிக் கால்சட்டை ஒன்று தொங்கும். அதற்குள் பிள்ளையின் இரண்டு காலையும் நுழைத்துவிட்டால் அது அந்தரத்தில் ஆடிக்கொண்டே வீறிடும், முள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். நிறுக்க நிறுக்கப் பிள்ளை கரையும் என்று தெருவே நம்பியது. புள்ளை என்ன புளியா, தூக்கித் தூக்கி நிறுத்துப் பார்க்க என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. மாவு உருண்டை கிடைக்கிறதே என்றுதான் கொண்டுவந்தார்கள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூரைப் பிரித்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாடாலூருக்குக் கிழக்கே மூன்று மைல், மெயின் ரோட்டு லாரிச் சத்தம் மேல்காற்றில் மட்டும் கேட்கிற ஊர் எங்களுடையது. காலனித் தெரு முனையில் ஒரு தொகுப்பு வீட்டைப் பிடித்து சத்துமாவு சென்டர் நடத்தினார்கள். மாவு கப்பலில் வந்தது. சாக்கின் மேல் ஒரு கொடியும் ஒரு கதிரும் அச்சடித்திருக்கும். எந்த நாட்டுக் கொடி என்று யாருக்கும் தெரியாது. பனி பெய்கிற நாடு என்று மட்டும் மலர்கொடி சொல்லியிருந்தாள். மார்கழிப் பனி இல்லை, ஆள் உயரத்துக்குக் குவியுமாம். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் மேல் எப்படி அக்கறை வந்தது என்பது நெடுநாள் பேச்சாக இருந்தது. காலிச் சாக்கு நல்ல உறுதி. பாதி வீட்டுக் குளியல் மறைப்பில் அந்தக் கொடிதான் தொங்கியது.

மாவு எல்லாப் பிள்ளைக்கும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, அட்டையில் மேடேறுகிற கோடுகள், மாதாமாதம் எடைக்கு ஒரு புள்ளி. கோட்டுக்குக் கீழே புள்ளி விழுகிற பிள்ளைக்கு மட்டும் தினம் இரண்டு உருண்டை. அதையும் டீச்சர் கண்ணெதிரே சென்டரிலேயே தின்ன வேண்டும். மூன்று மாதத்தில் அரைக் கிலோ ஏறிவிட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று பெயரை எடுத்துவிடுவார்கள். ஏறாவிட்டால் இன்னும் மூன்று மாதம் போடுவார்கள். தேறிய பிள்ளைக்குச் சோறு நின்றுபோகும் என்பது விசித்திரமான சட்டம்தான். ஆனால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றைச் சேர்க்க முடியும், மாவு அவ்வளவுதான் வந்தது.

ஆண்டாயியின் சின்னப் பெண் பிரவீணா அந்த வைகாசியில் பட்டியலில் சேர்ந்தாள். ஒன்றே முக்கால் வயதைத் தாண்டிவிட்டாள், எடை ஏழரைக் கிலோ. எட்டு ஆக வேண்டும்.

ஆண்டாயிக்கு எடையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வெங்காயக் காட்டில் கிடப்பவள். தாள் அரிந்து கூடையில் போட்டால், கூடையை இடுப்புக்குத் தூக்கும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். தூக்குத் தராசு கட்டி மூட்டை நிறுக்கும் ராசாங்கம்கூட, "ஆண்டாயி, இது எவ்வளவு வரும் சொல்லு" என்று கேட்டு வைத்துக்கொண்டு பிறகு நிறுப்பார். கால் கிலோகூடத் தப்பாது. அந்தப் பெருமை அவளுக்கு இருந்தது. பெருமைப்பட அவளிடம் வேறு அதிகம் இல்லை.

புருஷன் பாவாடைக்குப் பாடாலூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை. ஆடியில் ஒரு கல் உருண்டு வலது பாதத்தை நசுக்கியது. எலும்பு கூடவில்லை. கட்டுப்போட்ட காலைச் சாக்கின் மேல் நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு ஒருத்தி கூலிதான். மூத்தவள் கலைமணிக்கு ஆறு வயது. ஆண்டாயி விடியலில் காட்டுக்குப் போய்விடுவதால், தங்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சென்டருக்குப் போய் உருண்டை தின்னவைத்து, திரும்ப வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவது அவள் வேலை.

ஒரு நாள் சாயங்காலம் ஆண்டாயி முந்தானையில் வெங்காயத்தாளோடு வந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, கம்பங்கஞ்சிக்கு உலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தன உருண்ட தின்னுச்சு?"

"ரெண்டும்மா" என்றாள் கலைமணி.

"ரெண்டையும் அதுதான் தின்னுச்சா?"

கலைமணி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊது பாப்போம். வாயில வெல்லம் மணக்குது."

"அது கையிலயே வச்சுக்கிட்டு இருந்துச்சும்மா. திங்கவே இல்ல. டீச்சரு அந்தப் பக்கம் திரும்புனப்ப பாதிதான் தின்னேன்."

ஆண்டாயி அடிக்கவில்லை. தாளைக் கழுவி அரிந்துகொண்டே, "பாதிக்கு மேல திங்காத" என்றாள்.

வாசலிலிருந்து பாவாடை குரல் கொடுத்தான். "ஏன் புள்ள, அவன் எதுக்கு நமக்குக் குடுக்கிறான்?"

"எவன்?"

"கொடிக்காரன்தான்."

"அவுங்க ஊருல வெளைஞ்சது மிஞ்சிப்போவுதாம். டீச்சரு சொன்னாங்க."

"மிஞ்சுனா விக்க மாட்டானா? நம்ம ஊருல மிஞ்சுனா குடுக்கிறாங்களா? போன வருசம் வெல இல்லன்னு வெங்காயத்த ஓடையில கொட்டுனாங்களே, அதுல ஒரு கூடை அள்ளுனதுக்கு என்னா பேச்சுப் பேசுனாங்க!"

"அவுங்க நல்லவங்கன்னு வச்சுக்கயேன். உனக்கென்னா போவுது?"

"எனக்குப் போவ என்னா இருக்கு. காலு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் போச்சு."

அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஆண்டாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணி பிறந்ததும் ஆபீஸிலிருந்து தர்மராஜ் ஜீப்பில் வந்தார். திட்டத்தை மேற்பார்க்கிற அதிகாரி. கெட்டவர் இல்லை, பயந்தவர். மாவு தருகிற நாட்டிலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்றும், எங்கள் ஊர் சென்டரைத்தான் பார்க்கப்போகிறார் என்றும் சொன்னார்.

"பங்குனியோட திட்டம் முடியுதும்மா. நீட்டிக்கிறதா நிறுத்துறதான்னு அவங்க போயி சொல்றதுலதான் இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு? ஒரு புள்ளையாவது ஏறியிருக்கணும். யாரு ஏறியிருக்கா?"

மலர்கொடி அட்டைகளைப் புரட்டினாள். பத்துப் பிள்ளையில் ஏதோ அசைந்திருந்தது பிரவீணாதான். "பாவாடை பொண்ணு சார். ஏழு எழுநூறு. எரநூறு கிராம் ஏறியிருக்கு."

"அதையே எடை போட்டுக் காட்டுங்க. நல்லா அழகா கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மலர்கொடி அதை ஆண்டாயியிடம் அப்படியே போய்ச் சொன்னாள். எடை போடும்போது பிள்ளையின் மேல் கறுப்பு அரைஞாண் கயிற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பது சென்டர் சட்டம். அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டாள். தெருப்பிள்ளைகளுக்குக் கழற்ற என்ன இருந்தது?

ஆண்டாயி வேறு விதமாக யோசித்தாள். சென்டருக்குப் போகும்போதெல்லாம் பெண்கள் அவள் மகளை எலிக்குஞ்சு என்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இப்போது கடல் தாண்டி ஒருத்தி வருகிறாள், ஊரே பார்க்கும், அத்தனை பேர் முன்னால் மகளை மூளியாகத் தொங்கவிடுவதா? கல்யாணம் காதுகுத்துக்குப் போனாலே பிள்ளைக்கு இரவல் வாங்கியாவது ஏதாவது மாட்டித்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். வெறும் மேலோடு போனால் பார்க்கிறவர்கள் கண் நேராகப் பிள்ளையின் மேல் விழும். வெள்ளி மின்னினால் கண் அதில் விழுந்து அதோடு போய்விடும்.

இரண்டு வீடு தள்ளி ராசாத்தி இருந்தாள். புருஷன் துபாயில். அவள் மகளுக்குச் சின்ன வயதில் போட்ட வெள்ளியெல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கேட்டதும் கொடுத்தாள். திருகு வைத்த தண்டை ஒரு ஜோடி, கைக்குக் காப்பு, மூன்று சரம் அரைஞாண், கழுத்துக்குத் தாயத்துக் கோத்த சங்கிலி.

"பாத்து மாட்டு. தண்டைத் திருகு ஒண்ணு இறுக்கம், கழட்டறப்ப எண்ணெ வுடணும்" என்றாள் ராசாத்தி.

ஆண்டாயி எல்லாவற்றையும் உள்ளங்கையில் ஏந்தி ஒருமுறை மேலும் கீழும் அசைத்தாள். "முந்நூறு கிராமு இருக்கும் போலருக்கே."

"ஆசாரிகூட அதத்தான் சொன்னாரு. உன் கையி இருக்கே!"

அந்த அம்மாள் வந்த அன்று புதன்கிழமை. ஆண்டாயி வேலைக்குப் போகவில்லை. மகளுக்குத் தலைக்கு ஊற்றி, எண்ணெய் தடவி, கன்னத்தில் மை வைத்து, வெள்ளி மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரவீணாவுக்குத் தண்டைச் சத்தம் புதிது. காலை உதறி உதறிக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தது. அவ்வளவு மெலிந்த காலில் தண்டை முழங்கால் வரை ஏறி இறங்கியது.

மலர்கொடி பார்த்ததும் எதிரே ஓடிவந்தாள். "என்னாக்கா இது? கழட்டுங்க, கழட்டுங்க. எடை போடணும்."

"இன்னிக்கு ஒரு நாளு இருக்கட்டுங்க டீச்சரு."

"இதோட போடக் கூடாதுக்கா."

"அசலூருக்காரங்க முன்னாடி வெறும் ஒடம்பா எப்புடிங்க காட்டறது? நீங்கதான அழகா தூக்கியாரச் சொன்னீங்க?"

மலர்கொடியே உட்கார்ந்து காப்பைக் கழற்றப் பார்த்தாள். பிள்ளை கத்தியது. தண்டைத் திருகைத் தொட்டாள், அசையவில்லை. அதற்குள் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. ஆண்டாயி மகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போகட்டும், அவர்கள் போன பிறகு வெள்ளி எடையைக் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று மலர்கொடி நினைத்தாள். பயந்த நேரத்தில் மனுஷருக்கு வருகிற யோசனை அது.

வந்த அம்மாள் நல்ல உயரம். அறுபது வயதிருக்கும். செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்து சாணி மெழுகிய தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் தின்கிற உருண்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கி முழுதும் தின்றார். சாக்குத் துணியைத் தொட்டுக் காட்டி, இந்தக் கோதுமை தன் அண்ணன் ஊர்ப் பக்கம் விளைவது என்றார். தர்மராஜ் அதைத் தமிழில் சொன்னதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாளின் மேல் குறை சொல்ல எனக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பிரவீணாவைக் கால்சட்டைக்குள் இறக்கினார்கள். அன்றைக்குப் பார்த்து அது அழவில்லை. தண்டையை உதறிக்கொண்டு, வந்தவரின் வெள்ளை முடியையே பார்த்துச் சிரித்தது. முள் ஓடி, ஆடி, நின்றது.

"எட்டு!" என்றார் தர்மராஜ். அவருக்கே நம்பிக்கை இல்லை. குனிந்து இன்னொரு முறை பார்த்தார். "எட்டு கிலோ! அரைக் கிலோ ஏறிடுச்சு!"

அந்த அம்மாள் கை தட்டினார். கூட வந்தவர்கள் தட்டினார்கள், பிறகு தெருவே தட்டியது. எலிக்குஞ்சு என்று சொன்ன வாய்களெல்லாம், "அட, ஆண்டாயி மவ தேறிடுச்சுடி" என்றன. ஆண்டாயிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மலர்கொடி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பென்சிலால் ஏழு எழுநூறில் மெல்ல ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்றிருந்தாள். அந்த அம்மாள் கை நீட்டி அட்டையை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, கட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எட்டுக்கு நேரே தானே ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். பிறகு தராசில் தொங்கும் பிள்ளையைப் படம் எடுத்தார்கள். மலர்கொடி தர்மராஜைப் பார்த்தாள். அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாய் வரை வந்ததை அவள் விழுங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து வெள்ளியைக் கழற்றிவிட்டு மகளை இறக்கிவிட்ட ஆண்டாயி புருஷனிடம் சொன்னாள். "எட்டு கிலோவாம். எனக்கு என்னமோ கையில அவ்ளோ கனக்கலய்யா. ஆனா மிசினு பொய் சொல்லுமா?"

"உன் கையி வெங்காயத்துக்குத்தான்" என்றான் பாவாடை. "புள்ளைக்கு எங்க பாத்திருக்க?"

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கலைமணி தங்கையை இடுக்கிக்கொண்டு சென்டருக்குப் போனாள். வரிசையில் உட்காரவைத்து, கை கழுவிவிட்டாள். பிரவீணாவும் இரண்டு கையையும் நீட்டியது.

"இனிமே உங்களுக்கு இல்ல கண்ணு" என்றாள் மலர்கொடி. "தங்கச்சி தேறிடுச்சுல்ல."

"நாளைக்கு வரட்டுமா டீச்சரு?"

"வேணாம்மா. நான் சொல்லி அனுப்புறேன்."

கலைமணிக்குத் தான் தின்ற பாதியால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று பட்டுவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் தங்கையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள்தான் பாவாடைக்குத் தெரிந்தது.

மலர்கொடி பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். தர்மராஜ் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"அன்னிக்கே வாயத் தொறந்திருக்கக் கூடாதாம்மா?"

"பயமா இருந்துச்சு சார்."

"இப்ப எனக்குப் பயமா இருக்கு. அவங்க கையால போட்ட புள்ளிய நான் எப்படி அழிக்கிறது? ரிப்போர்ட்டு போயாச்சு, படம் போயாச்சு. அடுத்த மாசம் எடை போடுங்க. எறங்கியிருந்தா சேத்துக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. நானே வந்து மறு எடை பாத்துக் கையெழுத்துப் போடறேன்."

மலர்கொடி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் ஒட்டிய மாவை வழித்து உருட்டி, டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்தாள். உருண்டைக்குக் கணக்கு உண்டு, வழித்ததற்குக் கிடையாது. ஒரு நாள் அரை உருண்டை வந்தது, இன்னொரு நாள் ஒன்றும் வரவில்லை.

புரட்டாசியில் வெங்காயக் காட்டு வேலை முடிந்துவிட்டது. அடுத்த நடவுக்கு மழை வேண்டும். ஆண்டாயி பருத்திக்குக் களையெடுக்கப் போனாள், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைத்தது. ரேஷன் அரிசிக் கஞ்சியும் பண்ணைக்கீரையும் ஒரு வேளைக்கு. பிரவீணாவுக்கு முதலில் வாய்ப்புண் வந்தது. பிறகு கழிச்சல். நின்றது, மறுபடி வந்தது. தின்னக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கேட்டு வாங்கி வந்த பாவாடை, கம்பை ஊன்றி ஊன்றிக் கால் புண்ணைத் திரும்பக் கிளறிக்கொண்டான்.

எடை போடுகிற நாளில் ஆண்டாயி வரவில்லை. மலர்கொடி அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனாள்.

"அக்கா, புள்ளைய ஒரே ஒருக்கா தூக்கியாங்க. எறங்கியிருந்தா திரும்ப உருண்ட குடுப்பேன்."

"மாட்டேங்க" என்றாள் ஆண்டாயி. மடியில் பிள்ளை சுருண்டு கிடந்தது. "கோவிச்சுக்காதீங்க. அந்தத் தராசுல இன்னொருக்கா ஏத்த மாட்டேன்."

"ஏங்க்கா?"

"அன்னிக்கு ஏத்துனதுலேர்ந்துதான் இப்புடிக் கெடக்குது. அம்மாம் பேரு கண்ணு. அந்தம்மா கைய வேற தட்டுனாங்க. எட்டு கிலோன்னு ஊரே கத்துச்சு. எந்தப் புள்ள தாங்கும்?"

"கண்ணெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன என்னாங்க? நீங்களே சொல்லுங்க. எட்டு கிலோ இருந்த புள்ள ஒரே மாசத்துல இப்புடி ஆவுமா? கையில தூக்குனா ஏழுகூட இல்ல. எனக்குத் தெரியாதா? ஒரு கிலோ எங்க போச்சு?"

அந்த ஒரு கிலோவில் எவ்வளவு வெள்ளி என்று மலர்கொடிக்குத் தெரியும். சொல்லிவிடலாம். சொன்னால் ஆண்டாயி உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடவும் கூடும். ஆனால் மாட்டிவிட்டது நீ, அதனால்தான் உருண்டை நின்றது என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கூடவே, தெரிந்தும் சும்மா நின்றேன் என்றும் சொல்ல வேண்டிவரும். இரண்டில் எது அவள் வாயைக் கட்டியது என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

"வெள்ளிக்கெழம சிறுவாச்சூரு போயி காளியாத்தாகிட்ட போட்டுட்டு வர்றோம்" என்றான் பாவாடை. "துந்நூறு போட்டா சரியாயிடும் டீச்சரு. நீங்க கவலப்படாதீங்க."

போனார்கள். திருநீறு போட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் பிள்ளை கண் விழித்துப் பார்த்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் வந்து பஸ் நின்றது. மலர்கொடி நான்கு நாள் ஊருக்கு வர முடியவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது தெருமுனையில் பாடை இல்லை, பறை இல்லை. சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் செய்வதில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு என்று விடியலில் கிளம்பி, ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு நனைந்து ஆண்டாயி அக்கரை ஏறியபோதே பிள்ளை போய்விட்டிருந்தது. அப்படியே திரும்பி வந்தாள். பாவாடை கம்பூன்றிக்கொண்டு எதிரே வந்து வாங்கிக்கொண்டான்.

"வெள்ளைக்காரம்மா கண்ணு" என்றது தெரு. மலர்கொடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது வசதியாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தை மாதம் தர்மராஜ் ஜீப்பில் வந்து ஒரு பெரிய கவரைக் கொடுத்தார். வழவழப்பான புத்தகம் ஒன்று உள்ளே இருந்தது. அட்டையில் பிரவீணா. தராசில் தொங்கிக்கொண்டு, வெள்ளி மின்ன, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. தனியாக ஒரு படமும் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்கள்.

"மூணு வருசம் நீட்டிட்டாங்கம்மா" என்றார் தர்மராஜ். "இன்னும் அம்பது சென்டர். அந்த நாட்டுல இந்தப் படத்த பாக்காத ஆளு இல்லியாம்." அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "புள்ள இப்ப எத்தன கிலோன்னு கேட்டு எழுதியிருக்காங்க. என்னா எழுதறதுன்னு தெரியல. படத்தையாவது வீட்டுல குடுத்துடுங்க."

அந்த ஐம்பது சென்டரில் எத்தனையோ பிள்ளைகள் தின்று தேறின. அதுவும் உண்மைதான். இல்லை என்று சொல்ல முடியாது.

ஆண்டாயி ஓடைக்கு அந்தண்டை வெங்காயக் காட்டில் இருந்தாள். நல்ல விளைச்சல். பிடுங்கிப் போட்ட வெங்காயம் கரிசல் மேல் சிவப்பாகக் கிடந்தது. பெண்கள் குந்தி உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். வேப்பமரத்துக் கிளையில் தூக்குத் தராசு கட்டி ராசாங்கம் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

மலர்கொடி வரப்பில் உட்கார்ந்து படத்தை நீட்டினாள். ஆண்டாயி கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த வீட்டில் பிரவீணாவின் படம் என்று ஒன்றும் கிடையாது.

"சிரிக்குது பாருங்க" என்றாள். "அன்னிக்கு அழவே இல்ல."

"ஆமாக்கா."

"கடுதாசியில என்னா எழுதியிருக்காங்க?"

"திட்டத்த நீட்டிட்டாங்களாம்." மலர்கொடி நிறுத்தினாள். ஆண்டாயி இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ள இப்ப எத்தன கிலோன்னு கேட்டிருக்காங்க."

ஆண்டாயி மறுபடி படத்தைப் பார்த்தாள். பிள்ளையின் தலைக்கு மேல் தராசின் வட்ட முகம் தெளிவாக விழுந்திருந்தது.

"இதுதான் முள்ளா?"

"ஆமா."

"எட்டுல நிக்குது."

மரத்தடியில் ராசாங்கம் மூட்டையை இறக்கிவிட்டு, வியாபாரியின் ஆளிடம் சத்தமாகச் சொன்னார். "அம்பத்தொண்ணு. சாக்குக்கு ஒண்ணு கழி. அம்பது."

ஆண்டாயி தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து படத்தைப் பார்த்தாள். தண்டை, காப்பு, அரைஞாண், தாயத்து என்று அவள் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. இடது உள்ளங்கையை விரித்து, அதில் ஏதோ கிடப்பது போல மெல்ல மேலும் கீழும் அசைத்தாள். மலர்கொடிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"முந்நூறு கிராமு" என்றாள் ஆண்டாயி.

மலர்கொடி வரப்பிலிருந்து பாதி எழுந்தாள்.

"ஒரு சாக்குக்குக் கழிக்கிறாங்களே டீச்சரு. எம்புள்ளைக்கு நீங்க கழிக்கலியா?"

"அக்கா..."

"நாந்தான் மாட்டுனேன். இல்லன்னு சொல்லல. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

மலர்கொடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாள் அரிகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டாயி அழவில்லை. அரிவாள்மணையைக் காலுக்கடியில் இழுத்து மிதித்துக்கொண்டு ஒரு கற்றை வெங்காயத்தை எடுத்தாள். படத்தை மடியில் செருகியிருந்தாள். நாலைந்து கற்றை அரிந்த பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"அந்தம்மாவுக்கு எழுதுங்க. அவுங்க கேட்டதுக்குப் பதிலு சொல்லணும்ல."

"என்னான்னுக்கா?"

"ஏழு எழுநூறுன்னு எழுதுங்க. வெள்ளியக் கழிச்சு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, நிறைந்த கூடையை இடுப்புக்குத் தூக்கிக்கொண்டு தராசுப் பக்கம் நடந்தாள். ராசாங்கம் வழக்கம்போல, "எவ்வளவு வரும் ஆண்டாயி?" என்று கேட்டார்.

அவள் தெரியாது என்றாள்.